கணக்குத் தீர்ந்தால் கடமை தீருமா?

பைத்தான் நிரலுக்கு விரைவு வேண்டிச் சி மொழியைத் துணைக்கழைக்கும் ஆய்வு மாணவர் நம் சங்கத்திலும் பலர். கணக்கைச் சி முடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுகின்றனர். இல்லை நண்பர்களே! விடையைத் திருப்பித் தரும் இடத்திலேதான் வினை தொடங்குகிறது.

சார்புக்குள் அறிவித்த வரிசையின் முகவரியைத் தந்தால், சார்பு முடிந்ததும் அந்த இடம் நம்முடையதன்று. பைத்தான் படிப்பது குப்பை. மால்லாக் கொண்டு இடம் வாங்கி, நம்பை நூலகத்திடம் முகவரியை மட்டும் ஒப்படைத்தாலோ, அதை விடுவிப்பார் இல்லை. 10 லட்சம் இரட்டைத் துல்லிய எண்களுக்கு 80 லட்சம் பைட்டு. 1,000 முறை அழைத்தால் 800 கோடி! இரவெல்லாம் ஓடிய கணக்கு விடியலில் வீழ்ந்து கிடப்பதில் வியப்பென்ன?

வழி உண்டு. பால் வாங்கச் செல்வோர் செம்பைக் கையோடு கொண்டுபோவதில்லையா? அதுபோல் நம்பை வரிசையைப் பைத்தானே உருவாக்கித் தரட்டும். சி அதை நிரப்பட்டும். ஆக்குவதும் விடுவிப்பதும் அப்போது ஒருவர் பொறுப்பு.

தோல்வியையும் நேர்மையாகத் திருப்பித் தரவேண்டும். பிழை நேர்ந்தால் பூச்சியம் தருவோர் உளர். பூச்சியமும் ஒரு விடையன்றோ? பிழையை அறிவித்து, வெற்றுச் சுட்டியைத் தருவதே பைத்தான் வகுத்த முறை. நின்றுபோன நிரல் ஒரு நாளைக் கெடுக்கும். பொய்ப் பூச்சியமோ ஆய்வேட்டையே கெடுக்கும்.

விரைவை வியப்போம், பொறுப்பை மறவோம்!