கேம்ப் ரோடும் பள்ளிக்கரணையும்

காலை எட்டரை மணிக்குச் சென்னைத் தாம்பரத்தில் கேம்ப் ரோடு நிறுத்தத்தில் நின்று பாருங்கள். ஷேர் ஆட்டோக்காரர் 'மேடவாக்கம், மேடவாக்கம்' என்று தொண்டை கிழியக் கூவுவார். பள்ளி வேன் ஒன்று தப்பான பக்கம் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கும். சில நாள் தலைக்கு மேலே பயிற்சி விமானம் வட்டமடிக்கும். உள்ளூர்க்காரர் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

கேம்ப் என்றால் விமானப்படைத் தளம். விமானம் ஓட்டச் சொல்லித்தருகிற ஆசிரியர்களுக்கே பாடம் நடத்தும் பள்ளி 1954 முதல் இங்கே நடக்கிறது. தாம்பரத்திலிருந்து சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம் என்று புறநகர்களைக் கோத்துக்கொண்டு வேளச்சேரி போகும் இந்த மாநிலச் சாலை இருபது கிலோமீட்டர்கூட இல்லை. இதன் நெரிசலைப் பற்றி எல்லாரும் எழுதியாயிற்று, நானும் புலம்பப்போவதில்லை; சொல்ல வந்தது வேறு.

2016 ஜூலை 22. அன்றும் இதே எட்டரை மணிவாக்கில்தான் விமானப்படையின் ஏஎன்-32 விமானம் ஒன்று 29 பேரோடு இந்தத் தளத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பியது. வழக்கமான வாராந்தரப் பயணம். வங்கக் கடலுக்கு மேலே ரேடாரிலிருந்து மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் சல்லடை போட்டுத் தேடின. ஒரு துண்டுகூடச் சிக்கவில்லை. போனவர்கள் இறந்துவிட்டதாகக் கொள்ளும்படி செப்டம்பரில் குடும்பங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். ஈமக்கடனுக்கு உடல் இல்லை, நம்பாமலிருக்க ஆதாரமும் இல்லை. அந்த வீடுகளில் ஏழரை வருஷம் எப்படிக் கழிந்திருக்கும்!

2024 ஜனவரியில் விடை வந்தது. தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் ஆளில்லாத தானியங்கிக் கலம் ஒன்றைக் கடலுக்குள் இறக்கியிருந்தது. சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில், அதன் சோனாரும் கேமராவும் உடைந்த விமான பாகங்களைப் படமெடுத்தன. அந்தப் பகுதியில் வேறு எந்த விமானமும் காணாமல்போனதாகத் தகவல் இல்லாததால், அதுதான் இது என்று முடிவுக்கு வந்தார்கள்.

செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் தைத்தது அந்த நிறுவனத்தின் முகவரி: வேளச்சேரி–தாம்பரம் சாலை, பள்ளிக்கரணை. கிளம்பிய இடமும் கண்டுபிடித்தவர்களின் அலுவலகமும் ஒரே சாலையில்! மேடவாக்கத்தில் ஆட்டோ மாறினால் போய்விடலாம்.

கட்சிக் கொடிக்கம்பத்துக்கும் பிறந்தநாள் பேனருக்கும் இந்தச் சாலையில் இடப் பஞ்சம் வந்ததே இல்லை. அந்த 29 பெயர்களைத் தாங்கிய கல் ஒன்று மட்டும் நான் போகவரும் வழியில் கண்ணில் பட்டதில்லை. தாம்பரம் மாநகராட்சியோ நெடுஞ்சாலைத் துறையோ கேம்ப் ரோடு சந்திப்பில் ஒன்றை நட வேண்டும். சீருடைக்காரர்களோடு, அன்று அதில் பயணம் செய்த சிவிலியன் ஊழியர்கள் எட்டுப் பேரின் பெயரும் அதில் விடுபடக்கூடாது.