சில்வண்டு கத்துற மரத்தடியில் சீமெந்து போடாதீங்க

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

வெயில் ஏறிவிட்டது. பகல் பதினொரு மணிக்கெல்லாம் பாலை, வேம்பு, புளி என்று பெரிய மரம் நிற்கிற இடமெல்லாம் சில்வண்டுச் சத்தம் காதை அடைக்கிறது. இந்தக் காலம் வந்தால் இரண்டு கதை கேட்பேன். ஒன்று, "இது கத்திக் கத்தியே வயிறு வெடிச்சுச் சாகும்" என்பது. மற்றது, "சத்தமும் சருகும் தாங்க முடியல்ல, மரத்தடியை நல்லாத் துப்புரவாக்கி இன்டர்லொக் கல் போட்டால் என்ன?" என்பது.

முதல் கதையால் யாருக்கும் நட்டமில்லை. இரண்டாவதால் நட்டம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஆனால் முதல் கதை விளங்கினால்தான் இரண்டாவது விளங்கும்.

சில்வண்டு வெடித்துச் சாவதில்லை. மரப்பட்டையில் முதுகு பிளந்தபடி ஒட்டிக்கொண்டிருக்கிற மண்ணிறக் கோதைப் பார்த்துத்தான் அப்படிச் சொல்கிறோம். அது செத்த உடல் இல்லை, கழற்றிப் போட்ட சட்டை. உள்ளே இருந்தது செட்டை விரித்துப் பறந்து போய்விட்டது. அதே மரத்தின் உச்சியில் கத்திக்கொண்டிருப்பதும் அதுவாக இருக்கலாம்.

கத்துவது ஆண்தான். அதன் வயிற்றின் இரண்டு பக்கத்திலும் மடிப்பு மடிப்பான மெல்லிய சவ்வு இருக்கிறது. பால்மா டின் மூடியை அமுக்கி விட்டால் "டக்" என்று கேட்குமே, அதுபோல ஒரு தசை அந்தச் சவ்வை இழுத்து இழுத்து விடுகிறது. செக்கனுக்கு நூற்றுக்கணக்கான தடவை நடப்பதால் நமக்கு ஒரே இரைச்சலாகக் கேட்கிறது. வயிறு பெரும்பாலும் வெற்றிடம் என்பதால் மேளம் மாதிரி ஒலியைப் பெருக்குகிறது. சில இனங்களின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனி ஓசை உண்டு. பெண் தன் இனத்து ஆணை அந்த ஓசையை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது.

இந்தச் சத்தம் சில வாரங்களுக்குத்தான். வளர்ந்த சில்வண்டின் ஆயுளே அவ்வளவுதான். பெண் சிறு கொப்புகளைக் கீறி அதற்குள் முட்டையிடும். பொரித்து வருகிற குஞ்சு அரிசி மணியை விடச் சிறியது. அது கொப்பிலிருந்து நேரே கீழே விழுந்து மண்ணைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். விஞ்ஞானப் பாடத்தில் நாங்கள் அணங்கு என்று சொல்கிற பருவம் இது. வண்ணத்துப்பூச்சிக்கு இருப்பது போலக் கூட்டுப்புழுப் பருவம் இதற்குக் கிடையாது. வேரிலே வாயை ஊன்றி, காழ் வழியாகப் போகிற நீரை உறிஞ்சிக்கொண்டு மண்ணுக்குள்ளேயே வளரும். நான்கு தடவை அங்கேயே தோல் கழற்றும். ஐந்தாவது தடவைக்குத்தான் ஓர் இரவில் மண்ணைத் திறந்துகொண்டு மேலே வந்து மரத்தில் ஏறும்.

மண்ணுக்குள் இருக்கும் காலம் பல இனங்களுக்கு வருடக்கணக்கில். இந்தியாவின் மேகாலயாவில் ரி-போய் மாவட்டத்தில் ஓர் இனம் நான்கு வருடத்துக்கு ஒரு தடவைதான் வெளியே வரும். 2010, 2014, 2018, 2022 என்று உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடக்கிற வருடங்களில் வந்ததால் உலகக் கிண்ணச் சில்வண்டு என்றே பேர் வாங்கிவிட்டது. அமெரிக்காவில் 13 வருடமும் 17 வருடமும் மண்ணுக்குள் இருக்கிற இனங்கள் இருக்கின்றன. 2024இல் அங்கே ஒரு 13 வருடக் கூட்டமும் ஒரு 17 வருடக் கூட்டமும் ஒரே நேரத்தில் வெளியே வந்தன. அந்த இரண்டும் அதற்கு முன் சேர்ந்து வந்தது 1803இல்.

இப்போது இரண்டாவது கதைக்கு வருவோம்.

சில்வண்டின் வாழ்க்கையில் பெரும் பகுதி மரத்தின் மேலே இல்லை, மரத்தடி மண்ணில் இருக்கிறது. கொப்பிலிருந்து விழுகிற குஞ்சு கொப்பின் நேர் கீழேதான் விழும். ஆகவே மரத்தின் நிழல் விழுகிற வட்டம்தான் அதன் ஊர். அந்த வட்டத்தில் கல்லைப் பதித்து மூடினால் உள்ளே இருக்கிறது வெளியே வர முடியாது, மேலிருந்து விழுகிறது உள்ளே போக முடியாது. மரம் நிற்கும். சில வருடத்தில் சத்தம் மட்டும் நின்றுபோகும். அமெரிக்காவின் கனெக்டிகட் பக்கத்தில் இருந்த ஒரு 17 வருடக் கூட்டத்தைக் கடைசியாகக் கண்டது 1954இல். அதற்குப் பிறகு அது இல்லை.

"பூச்சிதானே, போனால் போகட்டும்" என்று ஒருவர் கேட்கலாம். மழை நீர் இறங்க முடியாத மண் வேருக்கும் கெடுதிதான். அணங்கு துளைத்த ஓட்டைகள் வழியாகத்தான் காற்றும் தண்ணீரும் உள்ளே போகின்றன. செத்து விழுகிற சில்வண்டு அதே மரத்துக்குப் பசளை. குருவி, அணில், ஓணான், எறும்பு எல்லாவற்றுக்கும் அது சாப்பாடு. சத்தம் நின்ற மரம் என்றால் அதன் அடியில் இன்னும் பலதும் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

பள்ளிவாசலிலும் பாடசாலையிலும் முற்றத்துக்குக் கல் பதிக்கக் காசு தருகிறவர்களின் நிய்யத்தை நான் குறை சொல்லவில்லை. மாரியில் சேறு, வெயிலில் புழுதி, பிள்ளைகளின் வெள்ளை உடுப்பு, எல்லாம் தெரியும். நடைபாதைக்குப் போடுங்கள், வாகனம் நிறுத்துகிற இடத்துக்குப் போடுங்கள். மரத்தின் நிழல் வட்டத்தை மட்டும் மண்ணாக விடுங்கள். அங்கே நான்கு வாங்கு போட்டால் போதும்.

"சருகு கிடந்தால் டெங்கு வரும்" என்கிறார்கள். டெங்கு நுளம்பு பெருகுவது தேங்கிய நீரில். யோகட் கப், சிரட்டை, பழைய டயர், அடைபட்ட பீலி, இவற்றைத் தேடி அகற்றுங்கள். "பாம்பு வரும்" என்ற பயம் நியாயம்தான். பற்றையை வெட்டுங்கள், கல்லுக் குவியலை எடுங்கள், சருகைக் கூட்டி ஒரு மூலையில் பசளைக் குழிக்குள் போடுங்கள். சிரமதானம் முடிகிற நேரத்தில் மரத்தடியிலேயே குவித்து நெருப்பு வைக்கிற பழக்கத்தைத்தான் விடச் சொல்கிறேன். ஓர் எறும்பு கடித்ததற்காக எறும்புக் கூட்டத்தையே எரித்த ஒரு நபி அல்லாஹ்வால் கண்டிக்கப்பட்ட செய்தியை ஹதீஸில் படித்தவர்கள் நாங்கள். கடிக்காத, கொட்டாத பூச்சிக்கு நாங்கள் ஏன் நெருப்பு வைக்க வேண்டும்?

இன்னொரு முறைப்பாடு, மரத்திலிருந்து துளி துளியாக விழுகிறது என்பது. அது சில்வண்டு வெளியேற்றுகிற நீர். காழில் ஓடுவது அநேகமாகத் தண்ணீர்தான், சத்து மிகக் குறைவு. அதனால் நிறையக் குடிக்கிறது, நிறைய வெளியேற்றுகிறது. அது நச்சும் இல்லை, மரத்துக்கு வந்த வருத்தமும் இல்லை.

சில்வண்டு வெட்டுக்கிளியும் இல்லை. வயலுக்குள் இறங்கிப் பயிர் தின்னாது. இலையைக் கடிக்க அதற்கு வாயே கிடையாது, உறிஞ்சத்தான் தெரியும்.

வன்னியில் மரத்தைப் பற்றிப் பேசுவது லேசான காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, 2009இற்குப் பிறகு திரும்பி வந்த எங்கட சனம் கண்டது காடு மூடிய ஊர்களை. வீடு கட்ட, தோட்டம் செய்ய வெட்டத்தான் வேண்டியிருந்தது. யுத்தத்தில் இடம்பெயர்ந்து மீண்ட தமிழ்ச் சகோதரர்களுக்கும் இதே கதைதான். ஆனால் அன்று "இதுதான் எங்கட வளவு" என்று எங்கட வாப்பாமார் எதை வைத்துச் சொன்னார்கள்? வேலி இல்லை, சுவர் இல்லை, ஓடு இல்லை. நின்ற புளியையும் கிணற்றையும் வைத்துத்தான் சொன்னார்கள். அப்படி எங்களுக்குச் சாட்சி சொன்ன மரத்தின் காலடியைச் சீமெந்தால் மூடுவது நன்றி இல்லை.

வெட்டிய மரத்துக்குப் பதில் கன்று நடுகிறோம் என்பது நல்ல விஷயம். நடுங்கள், அது ஸதகா. ஆனால் இன்று நட்ட கன்றின் அடியில், நாற்பது வருட மரத்தின் அடியில் இருக்கிற உயிர் இருக்காது. அது வந்து சேரவும் காலம் வேண்டும்.

பள்ளி நிர்வாகத்தினருக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களுக்கும், பழைய மாணவர்களுக்கும் என் கோரிக்கை ஒன்றுதான். அடுத்த முறை முற்றம் திருத்த மதிப்பீடு போடும்போது, பெரிய மரங்களின் நிழல் வட்டத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். காசும் மிச்சம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. உருமாற்றம் படிப்பிக்கப் படம் கீற வேண்டாம். இந்த வாரம் பிள்ளைகளை மரத்தடிக்குக் கூட்டிப் போய் கோது தேடச் சொல்லுங்கள். முதுகில் இருக்கிற பிளவைக் காட்டுங்கள், கீழே மண்ணில் அது வந்த ஓட்டையைக் காட்டுங்கள். "வெடிச்சுச் சாகும்" என்ற கதை அன்றோடு முடிந்துவிடும்.

உங்கள் ஊரில் எந்த மரத்தில் இப்போது சில்வண்டுச் சத்தம் கூட? மரத்தின் பேரையும் இடத்தையும் கீழே எழுதுங்கள். பாடசாலைப் பிள்ளைகளோடு ஒரு பட்டியல் போடுவோம், இன்ஷா அல்லாஹ்.