வாந்தி மாத்திரைக்கு முன் நாலு கேள்வி

"வாந்திக்கு ஒரு மாத்திரை கொடுங்க" என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் அரை நிமிடத்தில் மாத்திரை கைக்கு வந்துவிடும். வாங்கியவருக்குத் திருப்தி, கடைக்கு வியாபாரம். ஆனால் வாந்தி எடுப்பது யார் என்று மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை!

வாந்தி ஒரு நோயல்ல, அறிகுறி. கெட்டுப்போன சாப்பாடாக இருக்கலாம், பஸ் பயணமாக இருக்கலாம், கர்ப்பமாக இருக்கலாம், சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மினாகவும் இருக்கலாம். சில சமயம் மாரடைப்பு கூட வாந்தியோடுதான் வரும்.

அதனால் மாத்திரை எடுக்கும் முன் நாலே நாலு கேள்வி போதும். யாருக்கு? எப்போதிலிருந்து, எத்தனை தடவை? கூடவே வேறு என்ன தொந்தரவு? ஏற்கெனவே என்ன மருந்து சாப்பிடுகிறார்?

"யாருக்கு" என்பது சும்மா கேட்கும் கேள்வி இல்லை. மெட்டோகுளோபிரமைடு சில குழந்தைகளுக்குக் கழுத்தை முறுக்கி, கண்ணை மேலே செருக வைத்துவிடும். டோம்பெரிடோன் இதயத் துடிப்பைத் தடுமாறச் செய்யக்கூடும் என்பதால் ஐரோப்பாவில் 2014-லேயே கட்டுப்பாடு வந்துவிட்டது. கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் கொடுக்கப்பட்ட தாலிடோமைடு, 1961-ல் ஜெர்மனியில் திரும்பப் பெறப்படுவதற்குள் ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் கை கால் ஊனத்தோடு பிறக்க வைத்தது. மறக்கக்கூடிய பாடமா அது?

வாந்தியில் ரத்தமோ பச்சை நிறமோ தெரிந்தால், நெஞ்சுவலியோ தாங்க முடியாத வயிற்றுவலியோ இருந்தால், தலையில் அடிபட்டிருந்தால், குழந்தை சிறுநீர் போகாமல் சோர்ந்து கிடந்தால், கடையில் மாத்திரை தேடக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிதான்.

இதெல்லாம் இல்லாத சாதாரண வாந்தி பேதிக்கு முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, மறுபடி ஸ்பூன் ஸ்பூனாக மெதுவாகக் கொடுக்கலாம். ஒரே மடக்கில் கொடுத்தால் அதுவும் வெளியே வந்துவிடும்.

கூட்ட நேரத்தில் இதையெல்லாம் கேட்க முடியுமா என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். நியாயம்தான். ஆனால் மேலே சொன்ன இரண்டு மாத்திரையும் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. பதிவு பெற்ற பார்மசிஸ்ட் கையால்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்று 1948-ம் வருட பார்மசி சட்டம் சொல்கிறது. வெறுமனே எடுத்துக் கொடுக்க அலமாரி தெரிந்த பையன் போதுமே, படித்தவர் எதற்கு?

கேள்வி கேட்கும் கடைக்காரரைப் பார்த்து எரிச்சல்படாதீர்கள். அவர்தான் மருந்து தெரிந்தவர்.