வெள்ளைப் புலியின் முகமூடி யாருக்குக் கைமாறுகிறது?

காமிக்ஸ் உலகில் ஆள் சாவான், பெயர் சாகாது. ஒருவர் கழற்றிய முகமூடியை இன்னொருவர் மாட்டிக்கொள்வார், கதை தொடரும். கடந்த சில ஆண்டுகளாக இப்படி ஒரு பெயர் கறுப்பினத்தவருக்கோ, பெண்ணுக்கோ, குடியேறிய குடும்பத்துப் பிள்ளைக்கோ கைமாறும்போதெல்லாம் "பிரதிநிதித்துவம் கிடைத்துவிட்டது" என்று ஒரு தரப்பு கொண்டாடுகிறது. "அரசியலைத் திணிக்கிறார்கள்" என்று இன்னொரு தரப்பு புலம்புகிறது. இரு தரப்பும் கேட்க மறந்த கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தப் பெயரை முதலில் சுமந்தவருக்கு என்ன நடந்தது?

இந்தக் கேள்வியோடு மார்வெல் நிறுவனத்தின் 'வொயிட் டைகர்' என்ற வெள்ளைப் புலியை வாசிக்கலாம் தோழர்களே. ஸ்பைடர் மேன் அளவுக்குப் புகழ் பெற்ற பாத்திரம் அல்ல. ஆனால் அடையாளம், வாரிசு, அதிகாரம் ஆகிய மூன்றையும் பற்றி நாம் பேசவேண்டிய அத்தனையும் இந்த ஒரு முகமூடிக்குள் இருக்கிறது.

குப்பையில் கிடந்த தாயத்து

1973-இல் புரூஸ் லீ இறந்தார். அதே ஆண்டில் 'என்டர் தி டிராகன்' வெளியாகி உலகையே உலுக்கியது. அமெரிக்காவில் குங்ஃபூ படங்களுக்குக் கூட்டம் கூட்டமாகப் போனவர்களில் கறுப்பின, புவெர்த்தோ ரிக்க இளைஞர்கள் ஏராளம். காரணம் எளிது. பணமோ பதவியோ துப்பாக்கியோ இல்லாதவன் தன் உடம்பை மட்டும் நம்பி, தன்னை மிதிப்பவனைத் திருப்பி அடிக்கும் கதைகள் அவை.

இந்த அலையில் காசு பார்க்க மார்வெல் 1974-இல் தொடங்கிய கறுப்பு வெள்ளைப் பத்திரிகைதான் 'தி டெட்லி ஹேண்ட்ஸ் ஆஃப் குங்ஃபூ'. அதில் சீன வம்சாவளியினர் ஒருவர், கறுப்பர் ஒருவர், வெள்ளையர் ஒருவர் என மூன்று வீரர்கள் வருவார்கள். புலியின் தலையும் இரு பாதங்களுமாகப் பச்சைக்கல்லில் செதுக்கிய மூன்று தாயத்துகள் அவர்களுக்கு வலிமை தரும். ஒரு கட்டத்தில் மூவரும் சண்டையிட்டுப் பிரிந்து தாயத்துகளை வீசி எறிகிறார்கள். 1975 டிசம்பர் இதழில் அவற்றைக் குப்பையிலிருந்து கண்டெடுக்கிறான் ஹெக்டர் அயாலா. நியூயார்க்கின் தெற்கு பிராங்ஸைச் சேர்ந்த புவெர்த்தோ ரிக்க மாணவன். மூன்றையும் ஒன்றாக அணிந்ததும் அவன் வெள்ளைப் புலி ஆகிறான். மார்வெலின் முதல் லத்தீன் அமெரிக்க சூப்பர் ஹீரோ என்று பொதுவாகக் குறிப்பிடப்படுபவன் இவனே.

புவெர்த்தோ ரிக்கோ 1898 முதல் அமெரிக்காவின் பிடியில் இருக்கும் தீவு. 1917-இல் அதன் மக்களுக்குக் குடியுரிமை தரப்பட்டது. ஆனால் தீவில் வாழும்வரை அமெரிக்க அதிபர் தேர்தலில் அவர்கள் இன்றும் வாக்களிக்க முடியாது. நியூயார்க்கிற்கு வந்தவர்களுக்கு வாய்த்ததோ தெற்கு பிராங்ஸ் போன்ற பகுதிகள். எழுபதுகளில் அங்கே காப்பீட்டுப் பணத்துக்காகத் தங்கள் கட்டடங்களுக்குத் தாங்களே தீ வைத்த உரிமையாளர்கள் இருந்தார்கள். தீயணைப்பு நிலையங்களை மூடிய மாநகராட்சியும் இருந்தது. கிழக்கு ஹார்லெமில் மாநகராட்சி குப்பை அள்ள மறுத்ததால், 1969 கோடையில் 'யங் லார்ட்ஸ்' என்ற புவெர்த்தோ ரிக்க இளைஞர் அமைப்பினர் தாங்களே தெருவைக் கூட்டினார்கள். அப்போதும் குப்பை வண்டி வராததால் அந்தக் குப்பையையே நடுச்சாலையில் குவித்து மறியல் செய்தார்கள்.

குப்பையைச் சிலர் தலையில் மட்டுமே சுமத்தும் நாட்டில் பிறந்த நமக்கு இந்தப் போராட்டத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. வேண்டாம் என்று மற்றவர்கள் எறிந்ததுதான் ஹெக்டருக்குக் கிடைத்தது. அதிலிருந்துதான் அவன் தன் வலிமையைச் செய்துகொண்டான்.

இந்தப் பாத்திரத்தை வரைந்தவர் ஜார்ஜ் பெரஸ். அதே தெற்கு பிராங்ஸில் புவெர்த்தோ ரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர், அப்போது அவருக்கு வயது 21. எழுதியவர் பில் மான்ட்லோ. அவர் பின்னாளில் சட்டம் படித்து, வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக பிராங்ஸ் நீதிமன்றங்களில் வாதாடினார். 1992-இல் அவர்மீது மோதிய கார் நிற்காமல் போய்விட்டது. மூளையில் காயமுற்ற அவரால் அதன்பின் வேலைக்குத் திரும்ப முடியவில்லை.

நீதிமன்றப் படிக்கட்டில் ஒரு கொலை

பத்திரிகை 1977-இல் நின்றுபோனது. ஹெக்டர் மற்றவர்களின் கதைகளில் வந்துபோகும் துணைப் பாத்திரம் ஆனான். எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த கதையில் அவன் யார் என்பது ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. கிடியன் மேஸ் என்ற வில்லன் அவன் குடும்பத்தையே கொன்றுபோடுகிறான். முகமூடி கழன்றால் பணக்கார ஹீரோவுக்குக் கோட்டை போன்ற மாளிகை இருக்கிறது. ஹெக்டருக்கு இருந்தது அடுக்குமாடி வீடு ஒன்றுதான்.

அதன்பின் அவனைப் பற்றி வந்த முக்கியமான கதை 2002-ன் இறுதியில் 'டேர்டெவில்' இதழ்களில் வெளியானது. திருட்டு ஒன்றைத் தடுக்கப் போன இடத்தில் காவலர் ஒருவர் சுடப்பட்டுச் சாகிறார். பழி ஹெக்டர் மீது விழுகிறது. வழக்கறிஞர் மாட் மர்டாக் வாதாடியும் ஜூரி அவனைக் குற்றவாளி என்கிறது. மனமுடைந்து தப்பி ஓடும் ஹெக்டர் நீதிமன்றப் படிக்கட்டிலேயே சுட்டுக் கொல்லப்படுகிறான். அவன் நிரபராதி என்பது அவன் செத்தபிறகுதான் வெளியே வருகிறது.

இதைக் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியுமா? இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. விசாரணைக் கைதிகளிலோ ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நம்மவர். நிரபராதி என்ற சொல் நம் வீடுகளுக்கு எத்தனை ஆண்டு தாமதமாக வந்து சேர்கிறது என்று தெரிந்தவர்கள் ஹெக்டரின் கதையை வெறும் பொழுதுபோக்காக வாசிக்க மாட்டார்கள்.

2025-இல் வெளியான 'டேர்டெவில்: பார்ன் அகெய்ன்' தொடரில் இந்தக் கதை மாறி வருகிறது. ஒருவரை இருவர் சேர்ந்து அடிப்பதை ஹெக்டர் தடுக்கிறான். அடித்தவர்கள் சாதாரண உடையில் இருந்த காவலர்கள். கைகலப்பில் ஒருவர் ரயிலில் விழுந்து சாகிறார். இம்முறை நீதிமன்றம் ஹெக்டரை விடுவிக்கிறது. ஆனால் வெளியே வந்தபிறகு, மார்பில் மண்டையோட்டுச் சின்னம் அணிந்த ஒருவன் அவனைச் சுட்டுக் கொல்கிறான். தீர்ப்பு மாறியும் உயிர் தப்பவில்லை. இடையில் 22 ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த ஆண்டுகளில் மக்கள் எதைப் பார்த்தார்கள் என்பதற்கு இந்த மாற்றமே சாட்சி. ஹெக்டராக நடித்தவர் புவெர்த்தோ ரிக்கோவில் பிறந்த கமார் டி லாஸ் ரெயஸ். தொடர் வெளியாவதற்கு முன்பே, 2023 டிசம்பரில் காலமானார்.

சீருடைக்குப் போன பெயர்

காவலரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு ஹெக்டர் சாகும் கதை வெளியான அதே காலகட்டத்தில், வெள்ளைப் புலி என்ற பெயர் இன்னொருவருக்குப் போகிறது. அவர் கேஸ்பர் கோல். நியூயார்க் காவல்துறைக்காரர்! கறுப்பின எழுத்தாளர் கிறிஸ்டோபர் பிரீஸ்ட் 'பிளாக் பாந்தர்' இதழில் 2002-இல் உருவாக்கிய பாத்திரம். கோல் முதலில் முகமூடி அணிவதே பதவி உயர்வு வாங்கிக் குடும்பத்தைக் காப்பாற்றத்தான். ஹெக்டரின் தாயத்துக்கும் அவருக்கும் தொடர்பில்லை. பெயர் மட்டும்தான் ஒன்று.

அடுத்து வந்தவர் ஏஞ்சலா டெல் டோரோ, ஹெக்டரின் சகோதரி மகள். 2004-இல் அறிமுகமாகும்போது அவர் எஃப்.பி.ஐ. அதிகாரி. தாய்மாமனின் தாயத்துகள் அவர் கைக்கு வருகின்றன. வெள்ளைப் புலி என்ற பெயரைத் தலைப்பாகக் கொண்ட தனி இதழ் வரிசை அவரை நாயகியாக்கி 2006-இல்தான் தொடங்கியது. ஹெக்டர் பிறந்து 31 ஆண்டுகள் கழித்து!

வரிசையைக் கவனியுங்கள். காவலரைக் கொன்றதாகப் பழி சுமந்தவனின் பெயர் அடுத்துக் காவலருக்கும், பிறகு எஃப்.பி.ஐ. அதிகாரிக்கும் போகிறது. யாரும் திட்டமிட்டு இப்படிச் செய்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. எழுத்தாளர்கள் வேறு, இதழ்கள் வேறு. ஆனால் பொதுப்புத்தி இப்படித்தான் வேலை செய்கிறது. ஒடுக்கப்பட்டவன் சட்டத்துக்கு வெளியே நின்று நியாயம் கேட்டால் சந்தேகப்படுவார்கள். அவனே சீருடையோடு வந்தால் நம்புவார்கள். நம் குடும்பங்களில் முதல் தலைமுறையாகக் காவல்துறைக்கும் அரசுப் பணிக்கும் போகிற தம்பி தங்கைகளுக்கு இந்த அழுத்தம் நன்றாகவே தெரியும். உன் தெருவைக் கைகழுவினால்தான் இந்த நாற்காலி உனக்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பார்வையிலேயே சொல்வார்கள்.

அதனால்தான் ஏஞ்சலா எடுக்கும் முடிவு நமக்கு முக்கியம். அவர் எஃப்.பி.ஐ.யை விட்டு விலகித்தான் புலியாகிறார். அரசுப் பணியை எல்லோரும் உதறுங்கள் என்பதல்ல இதன் பொருள். அந்த நாற்காலிகளுக்காக நம் முன்னோர் சிந்திய வியர்வையும் ரத்தமும் கொஞ்சமல்ல, அவற்றை நாம் நிரப்பியே தீரவேண்டும். ஆனால் நாற்காலியும் தாயத்தும் எதிரெதிரே நிற்கும் நாள் வந்தால் எதன் பக்கம் நிற்பது என்பதை அன்றைக்கு யோசிக்கத் தொடங்கினால் தாமதம். இன்றே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

2011-இல் தாயத்து ஹெக்டரின் தங்கை அவா அயாலாவிடம் வருகிறது. பள்ளி மாணவி. அவளிடம் பதவிச் சின்னம் ஏதுமில்லை. பின்னர் வந்த ஒரு கதையில், தன் குடும்பத்தைக் கொன்ற மேஸை அவள் நேரில் சந்திக்கிறாள். ஆத்திரத்தில் தாயத்துக்குள் இருக்கும் புலித் தெய்வத்திடம் தன்னையே ஒப்படைத்துவிடுகிறாள். அவளைத் தடுத்து நிறுத்தத் தோழர்களே வரவேண்டியிருக்கிறது. முன்னவர்களின் கோபத்தை வாங்கிக்கொண்ட பிள்ளைக்கு அந்தக் கோபமே எசமானாகிவிடும் ஆபத்து உண்டு. அப்போது பக்கத்தில் அமைப்பு இருக்க வேண்டும், தோழர்கள் இருக்க வேண்டும். தனி ஆளாக முகமூடி மாட்டிக்கொண்டு கிளம்புவது காமிக்ஸ் அட்டையில்தான் அழகு.

நம் கைக்கு வந்த சிறுத்தை

பெயர் கைமாறுவது கதைகளில் மட்டும் நடப்பதல்ல. அலபாமாவின் லௌண்டஸ் மாவட்டத்தில் வாக்குரிமைக்காகப் போராடிய கறுப்பின மக்கள் அறுபதுகளின் நடுவில் தங்கள் அமைப்புக்குக் கருஞ்சிறுத்தையைச் சின்னமாக வைத்தார்கள். 1966 அக்டோபரில் ஓக்லண்டில் கருஞ்சிறுத்தைக் கட்சி பிறந்தது. அதே ஆண்டு மார்வெலும் தன் 'பிளாக் பாந்தர்' பாத்திரத்தைக் கொண்டுவந்தது. 1972-இல் மும்பையில் நாம்தேவ் தசால், ராஜா தாலே, ஜே.வி. பவார் முதலான தோழர்கள் தலித் பாந்தர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். எண்பதுகளில் மதுரையில் அ. மலைச்சாமி அதை வளர்த்தார். 1989-இல் அவர் மறைந்தபின் 1990-இல் பொறுப்பு தொல். திருமாவளவனிடம் வந்தது. அலபாமாவிலிருந்து மேலூர் வரை, ஒரு விலங்கின் பெயர் எத்தனை கைகள் மாறி வந்திருக்கிறது!

இந்த வரலாற்றில் எவரும் சின்னத்தின் அழகுக்காக அதை எடுக்கவில்லை. முன்னால் சுமந்தவர்கள் எதற்காக அடிபட்டார்களோ அதே காரியம் தங்கள் ஊரிலும் மிச்சமிருந்ததால் எடுத்தார்கள். நிறுவனத்துக்கோ பெயர் என்பது பதிவு செய்த வணிகச் சின்னம். விற்கும்போது எடுக்கும், விற்காதபோது கிடப்பில் போடும். நமக்கு அது இன்னும் தீர்க்கப்படாத கணக்கு.

எனவே அடுத்த முறை ஒரு முகமூடி நம்மைப் போன்ற ஒருவர் முகத்தில் ஏறும்போது மகிழுங்கள், தவறில்லை. தன்னைப் போன்ற முகத்தைப் புத்தகத்தில் பார்க்கும் குழந்தையின் மகிழ்ச்சி சிறிய விஷயமல்ல. ஆனால் மகிழ்ந்த கையோடு ஹெக்டருக்கு என்ன ஆயிற்று என்றும் கேளுங்கள். காமிக்ஸுக்கு மட்டுமல்ல, நாம் ஏந்தும் கொடிகளுக்கும், நம் தெருப் பலகைகளில் எழுதியிருக்கும் பெயர்களுக்கும் அதே கேள்விதான். அந்தப் பெயருக்கு உரியவரின் வழக்கு இப்போது எந்த நிலையில் இருக்கிறது? அவர் குடும்பம் எப்படி வாழ்கிறது? பதில் தெரியாவிட்டால் போய்த் தெரிந்துகொள்ளுங்கள். பெயரை வாங்கிக்கொண்டவர்கள் செய்யவேண்டிய முதல் வேலை அதுதான்.

ஜெய் பீம்!