எங்கள் வீட்டு எச்சில் இலை எங்கே போனது?

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

2024 டிசம்பரில் நம் நெல்லைக்குப் பக்கம் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கேரளாவிலிருந்து வந்த மருத்துவக் கழிவைக் கொட்டியது நினைவிருக்கும். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டபின் அவர்களே லாரி கொண்டுவந்து அள்ளிப் போனார்கள். அன்று நானும் இதே பக்கத்தில் கோபமாக எழுதினேன். "சரியாச் சொன்னீங்க சார்" என்று நீங்கள் பலரும் பின்னூட்டம் போட்டீர்கள்.

போன மாதம் என் பேத்தி காதுகுத்துக்கு உங்களில் நிறையப் பேர் வந்திருந்தீர்கள். சாப்பாடு நன்றாக இருந்தது என்றும் சொன்னீர்கள். ஐந்தாம் நாள் காலை, என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவன் வாசலில் வந்து நின்றான். இப்போது ஆடு மேய்க்கிறான். கையில் ஒரு தாம்பூலப் பை. "சார், உங்க வீட்டுப் பேரு போட்ட பையில்லா வாய்க்கால் பூராவும் கிடக்கு" என்றான்.

போய்ப் பார்த்தேன். இலை, எலும்பு, பிளாஸ்டிக் தம்ளர், தண்ணீர் பாட்டில், மேஜை மேல் விரித்த பேப்பர் எல்லாம் மடையை அடைத்துக் கிடந்தன. நாலைந்து நாய்கள். சாம்பார் வாசனைக்கு ஒரு பசு பிளாஸ்டிக் பையோடு சேர்த்து மென்றுகொண்டிருந்தது. முப்பது வருடம் வகுப்பில் பசுவின் வயிற்றை நாலு அறையாகப் படம் போட்டு நடத்தியவன் நான். அந்தப் பை முதல் அறையிலேயே தங்கிவிடும், செரிக்காது, வெளியேயும் வராது. சேரச் சேரத் தீனிக்கு இடம் இருக்காது. தம்ளரில் தேங்கும் கொஞ்சம் மழைத்தண்ணீர் போதும், பத்து நாளுக்குள் டெங்குக் கொசு பறந்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? பையில் என் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. (அந்தப் பையும் துணி மாதிரித்தான் தெரியும். அது துணி இல்லை, பாலிபுரோப்பிலீன்.)

சமையல் கான்ட்ராக்டருக்குப் போன் போட்டேன். "எல்லாரும் அங்கதான் சார் போடுதாங்க. நீங்க எங்க போடணும்னு சொல்லலியே" என்றார். எரிச்சல் வந்தது. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. பாயசம் சேமியாவா அடையா என்று அரைமணி நேரம் பேசிய நான், குப்பையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் உள்ளாட்சிக்கு மூன்று வேலை நாள் முன்பே தெரிவித்து, குப்பையைப் பிரித்து ஒப்படைக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு விதிகளிலேயே இருந்தது. பிளாஸ்டிக் தம்ளருக்கு நம் மாநிலத்தில் 2019 ஜனவரியிலிருந்தே தடை.

பஞ்சாயத்து வண்டி ஒழுங்காக வருவதில்லை என்பீர்கள். வாஸ்தவம்தான், அதற்கும் மனு கொடுத்திருக்கிறேன். ஆனால் எண்ணூறு பேருக்குச் சோறு போட வழி தெரிந்த நமக்கு, எச்சிலை அப்புறப்படுத்த மட்டும் வழி தெரியாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒரு லோடு ஆட்டோவும் இரண்டு ஆட்களும் பிடித்து அள்ளினோம். ஒரு நாள் முழுக்க ஆனது. கூலி, வாடகை, கையுறை எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய். விசேஷத்தன்றே பிரித்து அனுப்பியிருந்தால் இதில் பாதிகூட ஆகியிருக்காது. அடியில் கிடந்ததில் வேறு இரண்டு வீட்டுக் கல்யாணப் பைகளும் இருந்தன. இரண்டும் நம் சொந்தம்தான். பெயர் எழுதவில்லை, நேரில் சொல்லிவிட்டேன். ஒருவர் இன்னும் என்னோடு பேசவில்லை.

தை மாதம் நம் குடும்பத்தில் இரண்டு கல்யாணம் வருகிறது. பத்திரிகை கொடுக்க வரும்போது எச்சில் இலை எங்கே போகிறது என்று நான் கேட்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். தம்ளர் வாடகைக்கு வேண்டுமென்றால் எவர்சில்வரில் 300 என் வீட்டில் வாங்கி வைத்திருக்கிறேன். வாடகை கிடையாது, கழுவிக் கொடுத்தால் போதும்.