மொட்டுக்குள் இருப்பது எந்தப் புழு?

திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் வாசலில் ஆடி மாதத்தில் மல்லிகை என்ன விலை விற்கும் என்று பூவிருந்தவல்லிப் பக்கத்து விவசாயிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு மனைகளுக்குத் தப்பிய கொஞ்ச நிலத்தில் பூச்செடி வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு மொட்டும் காசுதான். மொட்டு ஊதா நிறமாகி வாடினால் உடனே மருந்துக் கடைக்குப் போகிறார்கள். 'புழு' என்கிறார்கள், கடைக்காரரும் ஒரு புட்டியை எடுத்து நீட்டுகிறார். எந்தப் புழு என்று இருவருமே கேட்பதில்லை. இந்த வழக்கம் நிற்க வேண்டும் என்பது என் கருத்து.

மல்லிகை மொட்டைக் கெடுப்பவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று மொட்டுப்புழு. இதன் தாய் வெண்ணிறச் சிறகில் கருங்கோடுகள் கொண்ட சிறு அந்துப்பூச்சி. ஹெண்டிகாசிஸ் டூப்ளிபாஷியாலிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். மற்றொன்று மொட்டு ஈ. கொசுவைவிடச் சிறியது. பெயர் காண்டரினியா மாகுலிபென்னிஸ். நெல்லில் வெங்காய இலை உண்டாக்கும் ஆனைக்கொம்பனுக்கும், சோளக் கதிர் ஈக்கும் இது பங்காளி. மூன்றும் ஒரே குடும்பம்.

இரண்டு பூச்சி தாக்கினாலும் மொட்டு ஊதாவாகும். ஆகவே நிறத்தை நம்பாதீர்கள். பத்து மொட்டுகளைப் பறித்து நகத்தால் பிளந்து பாருங்கள். கருந்தலையும் கால்களும் உள்ள பச்சைப் புழு இருந்தால், மொட்டில் வட்டத் துளை இருந்தால், அது அந்துப்பூச்சியின் புழு. மொட்டின் அடி வீங்கி, உள்ளே காலும் தலையும் தெரியாத சின்னஞ்சிறு புழுக்கள் கூட்டமாக நெளிந்தால் அது ஈயின் புழு. கையில் விட்டால் சில சமயம் துள்ளிக் குதிக்கும்!

இந்த வேறுபாடு ஏட்டுப் படிப்பு அல்ல. மொட்டுப்புழு ஒரு மொட்டிலிருந்து இன்னொன்றுக்கு நூல் பின்னி வெளியே வருகிறது. அப்போது 5 சத வேப்பங்கொட்டைச் சாறு அதன்மேல் படும். ஈயின் புழுவோ மொட்டுக்குள் பத்திரமாக இருந்து, முற்றியதும் மண்ணில் விழுந்து கூட்டுப்புழு ஆகிறது. செடிமேல் தெளிக்கும் மருந்து அதை எப்படித் தொடும்? பணம்தான் கரைகிறது. போதாக்குறைக்குப் பெண்கள் தலையில் சூடும் பூவில் விஷம் ஏறுகிறது. ஈக்கு வைத்தியம் செடியடியில்தான். வீங்கிய மொட்டுகளையும் உதிர்ந்தவற்றையும் அன்றாடம் பொறுக்கி ஆழப் புதையுங்கள், எருக்குழியில் கொட்டாதீர்கள். தூரைச் சுற்றி மண்ணைக் கொத்திக் கிளறி வெயில் படச் செய்யுங்கள்.

மருந்துப் புட்டியிலும் துண்டுப் பிரசுரத்திலும் 'புழு' என்று பொதுவாகப் போடாமல், ஈயா அந்துப்பூச்சியா என்று தமிழில் அச்சிடச் செய்ய வேண்டும். எங்களைப் போன்றவர்களும் லத்தீன் பெயரோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

லத்தீன் பெயரால் பயனே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். இந்த ஈக்கு 1933-இல் பெல்ட் என்ற அமெரிக்க அறிஞர் பெயரிட்டார். ஹவாய்த் தீவின் செம்பருத்தி மொட்டில் கிடைத்த ஈ அது. தக்காளி, கத்தரி, ஆர்க்கிட் மொட்டிலும் இது வளரும் என்று பிறகு கண்டார்கள். எனவே மல்லிகைத் தோட்ட வேலியில் செம்பருத்தி இருந்தால் அதன் மொட்டையும் பிளந்து பாருங்கள்.