‘ஓடுகிறது, தொடாதே’ என்பது ஆய்வு நெறியன்று

ஆய்வுத் துறைகளில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு: ‘நிரல் ஓடுகிறது, தொடாதே.’ முன்னவர் எழுதிய நிரலைப் பெறும் பின்னவர் இவ்விதியையும் சேர்த்தே பெறுகிறார். பைத்தான் 3 வெளிவந்தது 2008 டிசம்பரில். பைத்தான் 2-க்கான ஆதரவு முடிந்தது 2020 ஜனவரி 1-இல். இடையில் பதினோராண்டு அவகாசம் இருந்தது. அதன் பின்னும் பழைய பதிப்பிலேயே மொழித்தரவுகளை எண்ணிக்கொண்டிருப்பதற்கு ‘எச்சரிக்கை’ என்று பெயர் சூட்டிக்கொள்கிறார்கள். நிரலுக்குள் என்ன நடக்கிறது என்று அறியாத அச்சமே அது.

மொழியியல் மாணவருக்கு இந்த அறியாமை விலையுயர்ந்தது. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் உள்ள ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளத்தைக் கேட்டால், பைத்தான் 2-இன் இயல்பான சரம் 15 என்கிறது. அது எண்ணுவது பைட்டுகளை. பைத்தான் 3 தரும் விடை 5. அது யூனிகோட் குறிகளை எண்ணுகிறது. இலக்கணம் கற்றவர் எண்ணும் எழுத்துகளோ 3. புதிய பதிப்பும் அந்த மூன்றைத் தானாகத் தருவதில்லை. ஆனால் எதை எண்ணுகிறோம் என்ற கேள்வியை முன்னே வைக்கிறது. இன்னொன்று: முழு எண்களான 3-ஐ 4-ஆல் வகுத்தால் பழைய பதிப்பு 0 என்னும், புதியது 0.75 என்னும். சொற்களின் நிகழ்வு விகிதத்தைக் கணக்கிடும் நிரலில் இது நேர்ந்தால் பிழைச்செய்தி எதுவும் வராது. அட்டவணையில் எண் மட்டும் மாறியிருக்கும்.

ஆய்வேட்டின் நடுவே சூழலை மாற்றினால் முடிவுகள் குலையும் என்பது எதிர்வாதம். அதில் உண்மை உண்டு. 2019-இல் வந்த ஆர் 3.6.0 பதிப்பு, சமவாய்ப்பு மாதிரி எடுக்கும் முறையையே மாற்றியது. அதே தொடக்க எண்ணைக் கொடுத்தாலும் வேறு மாதிரி வரக்கூடும். ஆனால் இவ்வாதம் நிறுவுவது என்ன? பதிப்பெண் குறிக்கப்படாத முடிவு அரைகுறை முடிவு என்பதைத்தான். என்றென்றும் பழையதில் தங்கியிருக்க அது உரிமை தரவில்லை.

நூலின் பதிப்புக்கும் மென்பொருளின் பதிப்புக்கும் தமிழில் ஒரே சொல். உ.வே.சா. 1894-இல் புறநானூற்றை அச்சிட்டபோது பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைக் குறித்தார். புதிய ஏடு கிடைத்தால் பாடம் மாறிவிடுமோ என அஞ்சி அதைப் பிரிக்காமல் இருந்தவரைப் பதிப்பாசிரியர் என்று எவரும் அழைப்பதில்லை.

ஆகவே பழைய சூழலை அப்படியே உறையவைத்துப் பாதுகாக்க வேண்டும்; புதியதைத் தனியே நிறுவ வேண்டும்; ஒரே தரவை இரண்டிலும் ஓட்டி, வேறுபாட்டுக்குக் காரணம் கண்டு பின்னிணைப்பில் எழுத வேண்டும். இதற்குச் செல்வது சில நாட்கள். இதைத் தவிர்த்தால், அந்தக் கடன் நிரலைப் பெறப்போகும் அடுத்த மாணவரின் தலையில் விழும்; ‘தொடாதே’ என்று கட்டளையிட்டவர் அதை ஒருநாளும் ஓட்டிப் பார்க்கப்போவதில்லை. மேற்கோள் நூலின் பதிப்பாண்டு விடுபட்டால் சிவப்பு மையால் சுழிக்கும் நெறியாளர்கள், நிரல் எந்தப் பதிப்பில் ஓடியது என்று வாய்மொழித் தேர்விலும் கேட்கட்டும்.